ஒரு வரிக்கு ஒரு பெயர்

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு நூற்று நாற்பது பேர் தொழிற்சாலை வாசலில் நின்றிருந்தார்கள். யார் அட்டையைக் காட்டினாலும் கேட் சிவப்பு விளக்கைக் காட்டியது.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று கத்தினார் மேலாளர். அவரும் வெளியேதான் நின்றிருந்தார்.

கத்தல் வாங்கியவரை அங்கே எல்லோரும் பெட்டிக்காரர் என்பார்கள். கேட்டை இயக்கும் சின்னப் பெட்டிக்கு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளை வரிகள், எழுதுவது அவர் வேலை. வேலையை விட்டுப் போனவர்களின் அட்டைகளை நீக்கச் சொல்லியிருந்தார்கள். பட்டியல் ரகசியமாம், மேலாளர் மட்டும்தான் பார்க்கலாம். ஸ்கிரிப்டை இவர் எழுத, அவர் ஓட்டினார்.

பெயர்களை வரிசையாக அடுக்கி வைக்க மற்ற இடங்களில் 'அரே' என்று ஒரு வசதி உண்டு. இந்தப் பெட்டிக்குள் கட்டளைகளைப் படித்து நடத்தும் குட்டி ஷெல்லில் அது கிடையாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? வேறு பெட்டி கேட்டால், "இருக்கறதை வெச்சுப் பண்றவன்தான் பொறியாளர்" என்பார் மேலாளர். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அதனால் பெட்டிக்காரர் எல்லாப் பெயர்களையும் நீளமாக ஒரே வரியில் போட்டு, நடுவே இடைவெளி விடச் சொன்னார். அட்டையில் இருப்பதோ பதவியின் பெயர். 'பெயின்ட் பிரிவு உதவியாளர்' என்ற ஒற்றை ஆளை ஷெல் மூன்று ஆளாக வெட்டியது. 'பிரிவு' என்று எழுதிய அட்டையெல்லாம் காலி. எந்த அட்டையில் அது இல்லை?

"இந்த வாரம் உங்க ஒப்பந்தம் முடியுது, ஞாபகம் இருக்கா?" என்றார் மேலாளர். "கேட் ஒழுங்கா ஓடினா உங்களை நிரந்தரமாக்குறது என் பொறுப்பு."

அன்று வீட்டில் பெட்டிக்காரரின் மனைவி கேட்டாள்: "மூணு ஊர் மாறியாச்சு. பையன் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் ஒரு வருஷம் முழுசாப் படிக்கல. இந்த வேலையாவது நிலைக்குமா, இல்ல இப்பவே மூட்டை கட்டவா?"

"நிலைக்கும். சொல்லியிருக்காரு."

"போன இடத்துலயும் சொன்னாங்க."

அவருக்கு அவமானமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை இடைவெளிக்குப் பதிலாகக் காற்புள்ளி வைத்தார். ஷெல்லிடம் 'இனிமேல் காற்புள்ளியில் பிரி' என்று சொன்னவர், வேலை முடிந்ததும் 'பழையபடி இரு' என்று சொல்ல மறந்துவிட்டார். ஸ்கிரிப்டின் மீதிப் பாதி தலைகால் புரியாமல் குழம்பி, மதியம் கேட் ஆவென்று திறந்தபடி நின்றது. தெருநாய் ஒன்று சாவகாசமாக உள்ளே வந்து மேலாளர் அறை வாசலில் படுத்துக்கொண்டது.

"இது எந்தப் பிரிவு?" என்றார் மேலாளர்.

"ஒரு நாள் கொடுங்க சார்."

"எனக்கில்ல, நாய்க்குச் சொல்லுங்க."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. புதன்கிழமை எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒரு வரிக்கு ஒரு பெயராகக் கோப்பில் எழுதச் சொல்லி, அதை வரிவரியாகப் படிக்கும்படி மாற்றினார். நாலு மாதிரிப் பெயர்களை வைத்துச் சோதித்தார். நாலும் கேட்டின் கணக்கிலிருந்து விழுந்தன. கண்ணில் நீரே வந்துவிட்டது.

வியாழக்கிழமை மேலாளர் கூப்பிட்டார்.

"நேத்து ஓட்டினேன். எல்லாம் விழுந்துடுச்சு. கடைசிப் பேரு மட்டும் அப்படியே நிக்குது."

பெட்டிக்காரர் கேட்டார்: "கடைசிப் பேரை அடிச்சதும் என்டர் தட்டினீங்களா சார்?"

"எதுக்கு? அதுக்கப்புறம்தான் யாரும் இல்லையே."

"என்டர் இல்லேன்னா அந்த வரியை ஷெல் கணக்குலயே எடுத்துக்காது. அடிச்சவர் மறந்தாலும் விழற மாதிரி பண்ணிடறேன். யாரு சார் அது?"

மேலாளர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "யாரா இருந்தா என்ன? விழணும், அவ்வளவுதான்."

ஒரே ஒரு வரிதான் மாற்ற வேண்டியிருந்தது. பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். மேலாளர் முதல்முறையாக எழுந்து நின்று கைகுலுக்கினார்.

"கேட் சரியாயிடுச்சு" என்று வீட்டுக்குள் நுழையும்போதே சொன்னார் பெட்டிக்காரர். மனைவி பரண் மேலிருந்து இறக்கி வைத்திருந்த பெட்டிகளை மறுபடி மேலே ஏற்றினாள். பையன் கீழே நின்று எடுத்துக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை காலை சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வந்து அட்டையைக் காட்டினார். சிவப்பு. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி காட்டினார். அப்போதும் சிவப்பு.

அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த காவலாளி கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, பரிதாபப்பட்டுச் சொன்னார்: "துடைச்சுப் பிரயோஜனம் இல்ல சார், அது புதன்கிழமையே போயிருக்க வேண்டிய அட்டையாம், பட்டியல்ல கடைசிப் பேருங்கறதால விழாம அடம் பிடிச்சிருக்கு, யாரோ ஒரு புண்ணியவான் நேத்துதான் அதைச் சரி பண்ணிக் கொடுத்தாராம்."