நான்காவது சிற்பத்தின் முகம்

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. தெற்கு வேல்ஸில் கும்நெரின் ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு புகார் வந்தது. பழைய நிலக்கரி ரயில்பாதையோரம் நிறுத்தியிருந்த ஐந்து ஓக் மரச் சிற்பங்களில் நான்காவதன் மூக்கு சரியில்லை என்பது புகார்.

நான்காவது சிற்பம் ஹாப்கின் பெவனுடையது. 1931இல் நெரின் சுரங்கம் வெடித்தபோது இரண்டு முறை உள்ளே இறங்கி ஒன்பது பேரை மேலே கொண்டுவந்தவர். மூன்றாம் முறை இறங்கியவர் உயிரோடு திரும்பவில்லை. அவருடைய புகைப்படம் எதுவும் கிடைக்கவில்லை. சிற்பி நெஸ்டா, தேவாலயப் பாடகர்களின் பழைய படமொன்றில் கடைசி வரிசையில் நின்ற யாரோ ஒருவரைப் பார்த்துச் செதுக்கியிருந்தார்.

ஊராட்சிச் செயலர் எம்ரிஸுக்கு மூக்கைப் பற்றிக் கவலை இல்லை. ஹாப்கின் இறந்து சில மாதம் கழித்துப் பிறந்த மகள் ஓல்வென், தொண்ணூற்றொரு வயதில் முதியோர் இல்லத்தில் இருந்தார். இதயம் இன்னும் எத்தனை வாரம் தாங்கும் என்று மருத்துவரால் சொல்ல முடியவில்லை. சனிக்கிழமை திறப்பு விழா. எம்ரிஸ் நேரில் போய் வாக்குக் கொடுத்திருந்தார்.

"உங்க அப்பா முகத்தைப் பாக்கப் போறீங்கம்மா."

"சரி. வண்டியைச் சீக்கிரம் அனுப்பு" என்று மட்டும் சொன்னார் ஓல்வென்.

புகாரைப் படித்துவிட்டு ஊராட்சித் தலைவர் கெய்ன்வென் நேரே சிற்பத்தின் முன் போய் நின்றார்.

"இது ரொட்டிக்கடை ப்ரதரோ வீட்டு மூக்கு. இருபத்தாறாம் வருஷ சுரங்க ஸ்டிரைக்ல வேலைக்குப் போன கருங்காலிக் குடும்பம். ஹாப்கின் மூஞ்சில அந்த மூக்கா?"

"அது நடந்து நூறு வருஷம் ஆகப்போகுதுங்க" என்றார் எம்ரிஸ்.

"ஆனா என்ன? இன்னிக்கும் அவங்க கடையில நான் ரொட்டி வாங்கறதில்ல."

நெஸ்டா உளியோடு வந்தார். "குறைக்கலாம், கூட்ட முடியாது. அதை மட்டும் ஞாபகம் வச்சுக்க எம்ரிஸ்."

மூக்கு குறைந்தது. மூக்கு குறைந்ததும் மீசை எடுப்பாகத் தெரிந்தது. புதன்கிழமை நாலு பேர் அலுவலக வாசலில் நின்றார்கள். அந்த மீசை அன்றைய சுரங்க மேலாளருடையதாம். உள்ளே வாயு கசிவது தெரிந்தும் ஆட்களை இறக்கியவர்.

"எங்க தாத்தாவைக் கொன்னவன் மீசைக்கு நான் மாலை போடணுமா?" என்றார் ஒருவர்.

மீசை போனது. வியாழக்கிழமை பெத்தேல் தேவாலயச் சபையார் வந்து சிற்பத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார்கள். அச்சு அசலாக அவர்களுடைய பழைய போதகர். அந்தியில் சீயோன் சபையின் மூப்பர் கொதித்துக்கொண்டு வந்தார்.

"ஹாப்கின் எங்க சபை ஆளு. பெத்தேல் வாசப்படியை மிதிக்காதவரு. செத்த பிறகு மதம் மாத்தறீங்களா?"

"மதம் ஒண்ணுதானே ஐயா? தெருதானே வேற?" என்றார் எம்ரிஸ்.

"அதை நீ சொல்லாத. நீ ரெண்டுக்கும் போகாதவன்."

தாடை போனது. கன்னமும் ஒட்டியது. வெள்ளிக்கிழமை காலை, மதுக்கடையே கதி என்று கிடக்கும் இட்வல், சிற்பத்தின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு முகத்துக்கும் வித்தியாசமே இல்லை.

"உசுரோட இருக்கும்போதே சிலை வச்சிட்டீங்களேப்பா. என் பொண்டாட்டி நம்பவே மாட்டா."

கெய்ன்வென் பல்லைக் கடித்தார். "எடு நெஸ்டா."

"எதை எடுக்கறது? மிச்சம் கண்ணும் வாயும்தான்."

"அதையும்தான்."

எம்ரிஸ் தடுக்கப் பார்த்தார். தலைவர் கேட்கவில்லை. நெஸ்டா உப்புத்தாளைக் கீழே வைத்தபோது தொப்பிக்குக் கீழே முட்டை ஓடு போல வழவழவென்று இருந்தது.

"முகம் எங்க?" என்றார் எம்ரிஸ்.

"கீழ கிடக்கு. வேணும்னா பெருக்கி எடுத்துக்க."

விழாவைத் தள்ளிவைக்கலாம் என்று சொல்ல சனிக்கிழமை காலை எம்ரிஸ் முதியோர் இல்லத்துக்குத் தொலைபேசினார். ஓல்வென் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். வண்டி வரும் வழியில் இருந்தது.

தூறலில் இரண்டு சபைப் பாடகர்களும் தனித்தனியே நின்று ஒரே பாட்டைப் பாடினார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஓல்வென் சிற்பத்தை மூடியிருந்த துணியை இழுத்தார். பாட்டு பாதியில் நின்றது. யாரோ இருமினார்கள். கெய்ன்வென் வானத்தைப் பார்த்தார்.

எம்ரிஸ் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தார். "மன்னிச்சிடுங்கம்மா. முகம் காட்டறேன்னு சொன்னேன். எல்லாருமாச் சேர்ந்து அதை..."

ஓல்வென் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். சிற்பத்தை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

"முகம் சரியாத்தான் இருக்கு. அவரை மேல கொண்டாந்தப்போ இப்படித்தான் இருந்துச்சுன்னு அம்மா சொல்லியிருக்கா. இடது பூட்ஸ்ல அவ கையால போட்ட ஒட்டுத் தையலைப் பாத்துத்தான் அவர்னே கண்டுபிடிச்சா. இது எங்கப்பா பூட்ஸ் இல்ல தம்பி."

திங்கட்கிழமை நெஸ்டா வந்து, சிற்பத்தின் இடது காலில் வேலையைத் தொடங்கினார்.