மூன்றாவது பாட்டில் அம்மா

எனக்குச் சங்கீதக் காது இருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்த ஒரு காலம் உண்டு. இப்போது இல்லை. (நம்பிக்கைதான் இல்லை, காது இரண்டும் பத்திரமாக இருக்கின்றன.)

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். பொகவந்தலாவைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் நான் புது மாஸ்டர். மாரியம்மன் திருவிழாவுக்கு வருடாவருடம் நாலு பாட்டு நானே எழுதி, மெட்டுப் போட்டு, வீட்டிலேயே டேப்பில் பதிந்து கோயிலுக்குக் கொடுப்பேன். அந்த டேப்பைப் போட்டால் முதலில் 'உஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் கேட்கும். அதற்குப் பின்னால் எங்கேயோ பாட்டும் கேட்கும். பாடுவது கோயில் தலைவர் முத்தையாவின் மகள் வசந்தி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அம்மன் இரண்டாம் பட்சம்தான், பாட்டெல்லாம் வசந்திக்காக. அவளோ என் அம்மாவை வாய் நிறையப் "பெரியம்மா" என்று கூப்பிடுவாள். அந்த முறைப்படி நான் அவளுக்கு அண்ணன். மூன்று திருவிழாவாக அந்த அண்ணன் பதவியை ராஜினாமா செய்யப் பார்க்கிறேன், வாங்கிக்கொள்ள ஆளில்லை. அந்த வருடம் தலைவர் அவளுக்கு மாப்பிள்ளை வேறு பார்க்கத் தொடங்கிவிட்டார். அவள் மனசில் என்ன இருக்கிறதென்று சீக்கிரம் தெரிந்தாக வேண்டும். வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே என்பீர்கள். (அந்தத் தைரியம் இருந்தால் நான் ஏன் பாட்டெழுதப் போகிறேன்?) நான் அதற்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் வாங்கினேன். அவள் குரலைத் துல்லியமாகப் பதிந்து காட்டினால் மீதியை அவளே புரிந்துகொள்வாள் என்பது திட்டம்.

பழைய கம்ப்யூட்டர், புது மைக், காதில் மாட்டும் ஹெட்போன் எல்லாவற்றையும் ஹட்டனில் ஒரு கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "டேப்பெல்லாம் இனிமே குப்பை தம்பி. இது டிஜிட்டல். ஊசி விழுந்தாக்கூடப் புடிச்சிரும்" என்றார். நான் ஊசியைப் பற்றிச் சந்தோஷப்பட்டேன். அம்மாவைப் பற்றி யோசிக்கவில்லை.

எங்கள் லயத்தில் ஒரே தகரக் கூரைக்குக் கீழே பத்துக் காம்பரா, பத்துக் குடும்பம். நடுச்சுவர் கூரையைத் தொடாது. முதல் வீட்டில் தும்மினால் நாலாம் வீட்டில் "நூறாயுசு" என்பார்கள். அப்படி வளர்ந்தவனுக்கு ஒரு வித்தை தானாகவே வந்துவிடும்: பக்கத்துப் பேச்சு காதில் விழும், ஆனால் கேட்காது. கேட்க ஆரம்பித்தால் லயத்தில் மனுசன் குடியிருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வசந்தி தன் சித்தியோடு வந்து நாலு பாட்டும் பாடிவிட்டுப் போனாள். நடு நடுவே இடைவெளி விட்டிருந்தேன், புல்லாங்குழல் இசைக்காக. புல்லாங்குழலுக்கு எங்கே போவது? கீபோர்டிலேயே அந்தச் சத்தத்தை வைத்து, மைக்கை அதன் பக்கத்தில் நிறுத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி வாசித்தேன். ஹெட்போனைப் பற்றி அம்மாவுக்கு ஒரு தீர்மானமான கருத்து இருந்தது: "அந்தச் சட்டியை மாட்டிட்டான்னா தலையில இடி விழுந்தாலும் தெரியாது அவனுக்கு."

மாலையில் பதிந்ததைப் போட்டுக் கேட்டேன். ஐயோ, என்ன துல்லியம்! இரண்டாம் பாட்டு ஓடும்போது அம்மாவின் குரல்: "டேய், பைப்புல தண்ணி வந்திருச்சு, குடத்தை எடு!" ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுக் குடத்தோடு ஓடினேன். பைப்பு காய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தண்ணி வந்து போயி ரெண்டு மணி நேரமாச்சே மாஸ்டர்?"

"அம்மா கூப்பிட்டாங்களே."

"நான் எங்கடா கூப்பிட்டேன்?" என்றார் அம்மா.

பாவம், அம்மாவுக்கு வயசாகிறது, மறதி வந்துவிட்டது என்று முடிவு செய்தேன். (படித்தவன் இல்லையா!) மூன்றாம் பாட்டின் இடைவெளியிலும் ஏதோ முணுமுணுப்பு இருந்தது. அம்மாவும் செல்லம்மாக்காவும் எந்நேரமும் சுவருக்கு மேலாகப் பேசிக்கொண்டிருப்பவர்கள்தானே, இப்போதும் பேசுகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே சீடி போட்டாயிற்று.

திருவிழா அன்று காலை தோட்டத்தின் மூன்று டிவிசன் சனமும் கோயிலடியில் கூடியிருந்தது. மரத்துக்கு மரம் ஒலிபெருக்கிக் குழாய். செட் போட வந்தவர் பஜாரில் கடை வைத்திருக்கும் சுனில் ஐயா. தமிழ் அவருக்கு அவ்வளவாக வராது. புல்லாங்குழல் வரும் இடத்தில் சத்தத்தைக் கூட்டச் சொல்லி எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சியிருந்தேன். தங்கமான மனிதர், மறக்கவில்லை.

முதல் பாட்டு அமோகம். தலைவரே தலையாட்டினார். இரண்டாம் பாட்டில் குழாய்கள் எல்லாம் சேர்ந்து "பைப்புல தண்ணி வந்திருச்சு" என்று கத்தின. சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த பெண்களில் பத்துப் பன்னிரண்டு பேர் லயத்தைப் பார்த்து ஓடினார்கள். மைக் ஊசியோடு அம்மாவையும் பிடித்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு செட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்றாம் பாட்டின் இடைவெளி வந்துவிட்டது. சுனில் ஐயா "சத்தே மதி, மாஸ்டர்" என்று சிரித்தபடி, சத்தம் போதாதென்று இன்னும் கூட்டினார்.

"அடியே செல்லம்மா, சாமிக்குப் பாட்டுங்கிறான். அந்த வசந்தியைக் கட்டத்தான் இந்தக் கூத்தெல்லாம்!"

"தலைவரு குடுப்பாரா?"

"யாரு, அந்தக் கஞ்சப்பிசினாறியா? கோயில் சுண்டலையே எண்ணி எண்ணிப் போடுற மனுசன், பொண்ணைத் தூக்கிக் குடுத்துருவாராக்கும்!"

"அந்தப் புள்ளைக்கு ரொட்டி தட்டவாச்சும் தெரியுமா?"

"ரொட்டியா? பாட்டுதான் வரும்!"

சுண்டல் வாளியும் அகப்பையுமாக நின்ற தலைவர் அப்படியே நின்றார். அம்மா செல்லம்மாக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார். செல்லம்மாக்கா அம்மாவின் முதுகைத் தேடிக்கொண்டிருந்தார். பாட்டை நிறுத்த நான் பிடுங்கிய வயரோ மின்விளக்கு வயர். வெட்கம் பிடுங்கித் தின்றது. போச்சு, வசந்தியும் போச்சு, இனிப் பாடசாலைக்கும் வேறு தோட்டம்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

நேரடியாகப் பாடுவதற்கென்று வைத்திருந்த மைக்கை வசந்தி கையில் எடுத்தாள். முகம் சிவந்திருந்தது. கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

"ரொட்டி நல்லாவே தட்டுவேங்க அத்தை. சம்பல்தான் கொஞ்சம் உறைப்பாப் போயிரும்."

அத்தை! மூன்று டிவிசனும் கேட்க, அத்தை! கூட்டம் சிரித்த சிரிப்பில் பூசாரி கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். என் ராஜினாமா ஏற்கப்பட்டது என்பது எனக்குத்தான் கடைசியாகப் புரிந்தது.

தலைவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நேரே அம்மாவிடம் போய் அகப்பை அகப்பையாக அள்ளிக் கொட்டினார். இரண்டு கையும் நிரம்பி, முந்தானையிலும் சுண்டல்.

"எண்ணாமத்தான் போட்டிருக்கேங்க" என்றார்.

அடுத்த தையில் கல்யாணம். என்னிடம் இப்போது நல்ல மைக்குகள் இருக்கின்றன. ஊரில் யாரும் அவற்றைப் பற்றிக் கேட்பதில்லை. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் அந்த மூன்றாம் பாட்டைச் சீடியில் கேட்டபடியேதான் மனப்பாடம் செய்தார்கள். அதனால் திருவிழா பஜனையில் இன்றைக்கும் அந்த இடம் வந்ததும் மேளம் நிற்கும், எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் சொல்லாமல் அடுத்த அடிக்குப் போக மாட்டார்கள். பஜனைக்கு முன்னால் நின்று ஜால்ரா தட்டும் என் மாமனார்தான் அதில் கண்டிப்பு. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சம்பந்தி என்ற மரியாதைக்காக ஒரேயொரு திருத்தத்தோடு சொல்வார்:

"யாரு, அந்தக் கஞ்சப்பிசினாறிங்களா?"