ஒரு சாண் நகர்ந்த நாற்காலி

பேசும் கடிகாரம் பேச மறுத்தது.

பண்டகக் காப்பாளர் பொத்தானை ஒரு முறை அழுத்தினார். பிறகு மேசைமேல் தட்டிவிட்டு அழுத்தினார். "மணி பத்து..." என்று தொடங்கிய பெண்குரல், நிமிடங்களைச் சொல்லும் தெம்பின்றி முனகி அடங்கியது.

"பேட்டரி போச்சு," என்று காலி வீட்டுக்கு அறிவித்தார்.

சாதாரண நாளாக இருந்திருந்தால் மணி தெரியாமல் இருப்பது அவருக்குப் பெரிய குறையில்லை. ஆனால் இன்று மகள் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். வருகை என்று அதைச் சொல்வது பொருந்தாது. அது ஒரு தணிக்கை.

"அம்மா சித்தி வீட்டுக்குப் போற அன்னைக்கு நீங்க தனியா இருந்து காட்டுங்க," என்று சென்ற வாரம் அவள் நிபந்தனை விதித்திருந்தாள். "நான் வரும்போது ஒரு கீறல் இல்லாம, ஒரு சாமான் உடையாம, உங்க நாற்காலியில நீங்க உக்காந்திருந்தா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். இல்லேன்னா ரெண்டு பேரும் பொட்டியக் கட்டிக்கிட்டு என் வீட்டுக்கு வந்துடணும்."

மகள் வீட்டின்மீது அவருக்கு வெறுப்பு ஏதுமில்லை. அங்கே மூன்று பேரக்குழந்தைகள் இருந்தார்கள்; ஆகவே எந்தப் பொருளும் ஓரிடத்தில் ஐந்து நிமிடம் இருப்பதில்லை. அவ்வளவுதான்.

இயந்திர உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றியவர் அவர். பதினோராயிரம் உருப்படிகளில் எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவார் என்று சக ஊழியர்கள் புகழ்ந்ததுண்டு. அந்தப் புகழுரையை விதி இவ்வளவு பொறுப்போடு குறித்துவைத்துக்கொள்ளும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஓய்வுபெற்ற மூன்றாம் ஆண்டில் கண் அழுத்த நோய் பார்வையை முழுவதுமாக எடுத்துக்கொண்டது.

முதல் மாதம் அவர் யாரோடும் பேசவில்லை. இரண்டாம் மாதம் வீட்டுக்கு ஒரு சரக்குப் பட்டியல் தயாரித்தார். அவர் சொல்லச் சொல்ல மனைவி எழுதினாள். நாற்காலி: சன்னல் சுவரிலிருந்து மூன்று சாண். தண்ணீர்க் கூஜா: நாற்காலிக்கு வலப்புற முக்காலியில், கைப்பிடி சுவரைப் பார்த்து. வானொலி: கூஜாவுக்குப் பின்னால், ஒரு விரல் இடைவெளியில். அன்று முதல் வீடு மறுபடியும் அவருக்குத் தெரியத் தொடங்கியது. சில மாதங்களுக்கு முன் மனைவி அந்தப் பட்டியலை இன்னொரு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள். பழைய தாளில் எண்ணெய் கொட்டிவிட்டதாம். ஆவணங்களுக்குப் பிரதி இருப்பது நல்லதுதான் என்று அவரும் மனமுவந்து சொன்னார்.

ஒழுங்கு மீறல்கள் இல்லாமலில்லை. சென்ற செவ்வாய்க்கிழமை, வெளியே நடந்துவிட்டுத் திரும்பியவர் உட்காரப் போனபோது நாற்காலி ஒரு சாண் தள்ளி இருந்தது.

"இது வீடா, சந்தையா? ஒரு நாற்காலிய ஒரு எடத்துல வைக்கத் துப்பில்ல!" என்று சமையலறையை நோக்கிக் கத்தினார்.

உள்ளே பாத்திர ஓசை சட்டென்று நின்றது. பதில் இல்லை. நாற்பத்தொரு ஆண்டு இல்வாழ்க்கையில் மனைவி எதிர்த்துப் பேசாத முதல் தருணம் அது. அந்த வெற்றியை அவர் நெடுநேரம் சுவைத்தார். அன்று வீட்டில் ரொட்டி மணம் வேறு. சில நாட்கள் அப்படி மணக்கும். கேட்டால், "ரொட்டியா? உங்களுக்குக் கனவுதான்" என்பாள். தமக்குத் தராமல் அவள் மட்டும் வாங்கித் தின்கிறாள் என்பது அவருடைய நெடுநாள் ஐயம்.

இன்று காலை புறப்படும்போது அவள் மூன்று கட்டளைகள் இட்டிருந்தாள்.

"அடுப்புக்கிட்டப் போகக் கூடாது. படியில ஓடக் கூடாது. யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது."

"மூணாவது எதுக்கு?"

"அதுதான் உங்களுக்குக் கஷ்டம்."

அவர் கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கதவை வெறுமனே சாத்திவிட்டு, பேட்டரி வாங்கப் புறப்பட்டார். கைத்தடி எடுக்கவில்லை. தடி என்பது பட்டியல் இல்லாதவர்களுக்கு.

அவர் வீடு இரண்டாம் மாடி. மாடிக்குப் பதினெட்டாக முப்பத்தாறு படிகள். இறங்குவதில் சிக்கல் இல்லை. கடைக்காரர் புதிய பேட்டரிகளைப் போட்டுக் கொடுத்ததும் கடிகாரம் உற்சாகமாக மணி பத்து நாற்பது என்றது. சிக்கல் ஏறும்போது வந்தது. ஒன்பதாவது படியில் கால் வைத்தபோது காவலாளி கீழிருந்து கூவினார்.

"சார், இன்னைக்கு என்ன தேதி?"

"பதினேழு!"

"நன்றி சார்!"

பதினெட்டு, பத்தொன்பது என்று அவர் எண்ணிக்கொண்டே ஏறினார். மாடிக்கு வந்து நின்றபோது எண்ணிக்கை நாற்பத்து நான்கு. எட்டுப் படிகள் உபரி. கட்டடம் வளர்வதில்லை, ஆகவே தவறு எங்கோ எண்ணிக்கையில்தான் என்று உணர்ந்தார். இருந்தாலும் கதவைத் தள்ளினார், திறந்தது. வழக்கமான மிடுக்குடன் உள்ளே நடந்தார்.

நான்காவது அடியில் முழங்கால் எதிலோ மோதியது. விலகினார், அங்கே இன்னொன்று. பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினால் பிளாஸ்டிக் தாள் போர்த்திய ஏதோ ஒரு மலை. மரத்தூள் நெடி மூக்கில் ஏறியது.

"காலையிலேயேவா சார்?" என்றது ஓர் ஆண்குரல்.

"என்ன காலையிலேயே?"

"ஒண்ணுமில்ல. எங்க மாமனாரும் இப்படித்தான் வீட்டுக்குள்ள வருவாரு. மெதுவா உக்காருங்க."

"நான் குடிக்கிறவன் இல்லப்பா. நீ யாரு?"

"தச்சன். இங்க வேலைக்கு வந்திருக்கேன். ஒரு அம்மா போன்ல சொன்னாங்க. அவங்க அப்பாவுக்குக் கண்ணு தெரியாதாம். தட்டுத் தடுமாறித்தான் நடப்பாராம். பாவம். மேசை, கட்டில் மூலையெல்லாம் இழைச்சு உருட்டிவிடச் சொன்னாங்க."

பண்டகக் காப்பாளர் அந்த வருணனையைக் கவனமாகப் பரிசீலித்தார். தட்டுத் தடுமாறி நடப்பவர், பாவப்பட்டவர். அதில் தமக்குரிய கூறு ஒன்றுகூட இருப்பதாக அவருக்குப் படவில்லை. முதல் மாடிக்குப் புதிதாக யாரோ குடிவந்திருப்பதாக மனைவி சொன்னது நினைவுக்கு வந்தது. எண்ணிக்கைத் தவறின் காரணமும் விளங்கிவிட்டது: ஒரு மாடி முன்னதாகவே நின்றுவிட்டார்.

"மன்னிக்கணும்ப்பா. வீடு மாறி வந்துட்டேன். எனக்கும் கண்ணு தெரியாது."

தச்சர் சிரித்தார். "நல்லா வெளையாடுறீங்க சார்! இப்பத்தானே விறுவிறுன்னு நடந்து வந்தீங்க?"

இரண்டாண்டுகளில் அவருக்குக் கிடைத்த ஆகச் சிறந்த பாராட்டு அது. மனைவியின் மூன்றாவது கட்டளை அந்த மகிழ்ச்சியில் காற்றோடு போனது.

"இந்த வீட்டுப் பெரியவர்கிட்டச் சொல்லு. மூலைய உருட்டி ஒரு பிரயோஜனமும் இல்ல. பட்டியல் போடணும். வீட்டுல எல்லாத்தையும் இப்படிக் குப்பையாப் போட்டு வச்சா மனுஷன் எப்படி நடப்பாரு? மேல் மாடியில ஒருத்தர் இருக்காரு, வந்து பாக்கச் சொல்லு."

"சொல்றேன் சார். கம்பியப் பிடிச்சுக்கிட்டே போங்க."

இன்னும் பதினெட்டுப் படிகள். இம்முறை யாரும் தேதி கேட்கவில்லை. கதவைத் தள்ளினார். ஏழு அடி நேராக, மூன்று அடி இடமாக. கை நீண்டது; நாற்காலியின் முதுகு அங்கே காத்திருந்தது. சுவரிலிருந்து சாண் போட்டுப் பார்த்தார். சரியாக மூன்று. வலப்புறம் முக்காலி, கூஜா, சுவரைப் பார்த்த கைப்பிடி. அதன் பின்னால் ஒரு விரல் இடைவெளியில் வானொலி.

அவர் உட்கார்ந்து நீண்ட மூச்சு விட்டார். தண்ணீர் குடித்தார். பார்வை இருந்த நாட்களில் இந்த அறை முழுவதையும் ஒரே நொடியில் பார்த்துவிட்டு உடனே மறந்துவிடுவார். இப்போது ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக அவர் கையைத் தேடி வந்து, தான் இருப்பதைச் சொல்லிவிட்டுப் போகிறது. இழப்பை இலாபம் என்று சொல்லும் அளவுக்கு அவர் பொய்யர் அல்லர். ஆனாலும் முன்பின் அறியாத அந்த முதல் மாடிக்காரரை நினைக்க, தம் நிலை ராஜயோகமாகத் தோன்றியது. ரொட்டி மணம் இன்றும் இருந்தது. வரட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்று வானொலியைத் திருகினார்.

கைப்பேசி ஒலித்தபோது கடிகாரம் மணி பன்னிரண்டு இரண்டு என்றது.

"அப்பா! எங்க இருக்கீங்க?" பதறினாள் மகள்.

"வீட்டுலதான். என் நாற்காலியில."

"வீட்டுலயா? நான் வீட்டுலதான் நிக்கிறேன். நீங்க இங்க இல்ல!"

"நல்லாத் தேடும்மா. சன்னல் பக்கம்."

"சன்னல் பக்கந்தான் நிக்கிறேன்ப்பா!"

பண்டகக் காப்பாளருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர் குரலில் கருணை குடியேறியது.

"அங்க தச்சர் ஒருத்தர் இருக்காரா?"

"ஆமா, நான்தான் வரச் சொன்னேன்..."

"ரெண்டு பேரும் ஒரே தப்பப் பண்ணியிருக்கீங்க. அது முதல் மாடி. பதட்டப்படாத. கம்பியப் பிடிச்சுக்கிட்டு மேல வா. பதினெட்டுப் படி. எண்ணிக்கிட்டே வா."

மறுமுனை துண்டிக்கப்பட்டது. பிறகு படிக்கட்டில் தடதடவென்று காலடிகள். கதவு திறந்தது.

"இவருதாம்மா! காலையில தள்ளாடிக்கிட்டு வந்தவரு!" என்றார் பின்னால் வந்த தச்சர்.

மகள் அறைக்குள் இரண்டடி வைத்தாள், நின்றாள். அவளுடைய வளையல்கள் மட்டும் மெல்லக் குலுங்கின. பிறகு சுவரிலிருந்து ஒரு தாளை உரித்தெடுக்கும் ஓசை.

"இது... அம்மா கையெழுத்து," என்றாள்.

"வேற யாரு எழுதுவா? ஒவ்வொரு வரியும் நான் சொன்னது. அளந்து பாத்துக்க. கீறல் இருக்கா? சாமான் ஏதாவது உடைஞ்சிருக்கா?"

"இல்லப்பா."

"நாற்காலியில உக்காந்திருக்கேனா?"

"உக்காந்திருக்கீங்க." அழுகிறாளா, சிரிப்பை அடக்குகிறாளா என்று பிரித்தறிய முடியவில்லை. அவள் வந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "நீங்க எங்கேயும் வர வேண்டாம்ப்பா. இந்தக் கட்டடத்தை விட்டு உங்களை நான் எங்கேயும் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

"அப்படி வா வழிக்கு!" அவர் அவள் தலையைத் தட்டிக்கொடுத்தார். "கண்ணு இருக்குன்னு ரொம்ப நம்பாத. பாரு, எந்த வீட்டுல போய் நின்னுட்டே. போகும்போது உனக்கும் ஒரு பட்டியல் போட்டுத் தரேன்."

தச்சர் எதையோ சொல்ல வாயெடுத்தார். மகள் "ஷ்" என்றாள்.

அப்போது வாசலில் செருப்பு கழற்றும் ஓசை கேட்டது. மாவும் சூடும் கலந்த மணம் முதலில் உள்ளே வந்தது. அதன் பின்னால் மூன்றாம் மாடியில் தனியாகக் குடியிருக்கும் பேக்கரிக்காரர், விடியற்கால வேலை முடிந்து.

அந்தக் காலடியைப் பண்டகக் காப்பாளர் அறிவார். வெற்றி பெற்றவருக்குரிய பெருந்தன்மையோடு கையை விரித்தார்.

"வாங்க, வாங்க மேல் மாடிக்காரரே! கூச்சப்படாம உக்காருங்க. உங்க வீடு மாதிரி நெனைச்சுக்கங்க!"

"இருக்கட்டும் சார்," என்றார் பேக்கரிக்காரர் பயபக்தியோடு. "போன செவ்வாய்க்கிழமை நீங்க திட்டினதுல இருந்து, வேலைக்குப் போகும்போது எங்க வீட்டு நாற்காலியச் சாண் போட்டு அளந்து வச்சுட்டு, கதவையும் பூட்டாமத்தான் போறேன், இன்னைக்காவது சரியா இருக்கா?"