பீரோவுக்குள் குடியிருந்த வைஃபை

"இந்த நெட் கம்பெனியை ஒரு வழி பண்ணாம விடப்போறதில்ல" என்று சபதம் செய்தார் ஸ்டோர் கீப்பர். செய்தபோது கையில் பாதி உரித்த வெங்காயம், கண்ணில் தண்ணீர். சபதத்துக்குப் பொருத்தமான கோலம் இல்லைதான். நெட் இல்லாத மனுஷன் சாயங்காலத்தை வேறு எப்படித்தான் ஓட்டுவார்?

உதிரி பாகக் கிடங்கில் அவருக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர். துருப்பிடித்த ஆணியைக்கூட பூட்டித்தான் வைப்பார். வீட்டுக்கு வைஃபை பெட்டி வந்த அன்றே, "விலை உசந்த சாமான், தூசி படியும்" என்று இரும்பு பீரோவின் முதுகில் ஓட்டை போட்டார். ஒயரை உள்ளே விட்டு, பெட்டியைப் போர்வைகளுக்கு நடுவில் குடிவைத்துப் பூட்டினார். சாவி மனைவி இடுப்பில்.

அன்று பிடித்தது சனியன். அதற்கு முன்பெல்லாம் வேலையிலிருந்து வந்ததும் மொபைல் கம்பெனி கொடுத்த ஓசி நெட்டோடு சோபாவில் சாய்ந்தால், சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். இப்போது அந்த ஓசியும் முடிந்துவிட்டது; படம் ஓடாது, வட்டம்தான் சுற்றும்.

மெக்கானிக் பகலில் வந்து பார்த்துவிட்டு போன் செய்தார். "பிச்சுக்கிட்டு ஓடுது சார். சும்மா சும்மா கூப்பிடாதீங்க."

"பகல்ல உனக்கு ஓடுது, சாயங்காலம் எனக்கு மட்டும் ஏன் படுத்துக்குது?" என்று மனைவியிடம் பொருமினார்.

"எல்லாரும் சாயங்காலம்தானே பாக்கறாங்க. கூட்டம்ங்க."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"இன்னும் ரெண்டு உரிங்க."

இப்படியே போயிருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் தலைமை ஸ்டோர் கீப்பர் பதவிக்கு நேர்காணல் வந்தது. வீடியோவில், அதுவும் சாயங்காலம். தவறவிட்டால், சாவியை எங்கே வைத்தோம் என்று தினம் தேடுகிற பக்கத்து ஷெட்காரனுக்குப் போய்விடும். வருஷக்கணக்காகக் காத்திருந்த பதவி.

நேர்காணல் நேரத்துக்கு லேப்டாப்பைத் திறந்தார். வட்டம் சுற்றியது.

"போச்சு. என் பொழப்பே போச்சு. தெருமுனை நெட் சென்டருக்கு ஓடிடவா?"

"பதறாம உக்காருங்க. மூஞ்சியெல்லாம் வேர்த்து வழியுது, துண்டு எடுத்துத் தரேன்."

அவள் படுக்கையறைக்குப் போனாள். பீரோ கிரீச்சென்றது. துண்டு வந்தது. துடைத்துவிட்டு நிமிர்ந்தால், திரையில் இரண்டு அதிகாரிகள் பளிச்சென்று உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மீசையில் டீ ஒட்டியிருந்ததுகூடத் தெரிந்தது. அப்பாடா என்று போன உயிர் திரும்பி வந்தது.

கேள்விகள் வந்தன, விடைகள் சரளமாகப் போயின. கடைசியாக மீசைக்காரர் கேட்டார்: "விலை உயர்ந்த சாமானை எப்படிப் பாதுகாப்பீங்க?"

பூட்டு நெஞ்சை நிமிர்த்தினார். "எதையும் வெளிய விடமாட்டேன் சார். வீட்டுல வைஃபை பெட்டியையே இரும்பு பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டியிருக்கேன்."

அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இரும்புக்குள்ள வெச்சா சிக்னல் எப்படிங்க வெளிய வரும்? உங்க பின்னாடி அந்த ரூம்ல ஒரு பீரோ திறந்து கிடக்குதே, அதுவா?"

பூட்டு திரும்பிப் பார்த்தார். கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே பச்சை விளக்கு கண்ணடித்தது. பக்கத்தில் மனைவி, ஒன்றும் அறியாதவள்போலப் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரிகள் சிரித்த சிரிப்பில் திரையே குலுங்கியது. "இவ்வளவு பூட்டற ஆள்தான்யா ஸ்டோருக்கு வேணும். அடுத்த வாரமே பொறுப்பு எடுத்துக்குங்க."

பூட்டுக்குத் தலையிலிருந்து ஒரு மலை இறங்கிய நிம்மதி. அழைப்பு முடிந்ததும் மனைவி பக்கம் திரும்பினார்; கோபம்கூட சரியாக வரவில்லை.

"பகல்ல திறந்து வெச்சுட்டு, நான் வர நேரத்துக்கு மூடியிருக்கே. ஏண்டி சொல்லலை?"

"சொல்லியிருந்தா சோபாவை விட்டு எழுந்திருப்பீங்களா? இப்பதான் என்கூட நாலு வார்த்தை பேசறீங்க. சண்டையாவது போடறீங்க."

யோசித்துப் பார்த்தால், அந்தச் சண்டைகள் நன்றாகத்தான் இருந்தன. அதை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.

"சரி, இனிமே திறந்தே இருக்கட்டும்."

"விலை உசந்த சாமான். தூசி படியும்ங்க."

பீரோ கிரீச்சென்றது. சாவி இடுப்புக்குப் போனது. திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

தலைமை ஸ்டோர் கீப்பர் வெங்காயத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.