கிழிசல் சாரும் நான் மாட்டிய படமும்

என் வாழ்நாளில் என்னை அதிகம் அதிரவைத்த மனிதர் கிழிசல் சார்தான். சாமுண்டி மலை உருண்டு வாசலுக்கு வந்திருந்தால்கூட நான் அவ்வளவு பதறியிருக்க மாட்டேன்.

மைசூரில் நான் வேலை பார்க்கும், பிள்ளைகளுக்கான மனநல ஆலோசனை மையத்தில், சனிக்கிழமைதோறும் எட்டுப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து வரையச் சொல்வார். வீட்டில் கதவைச் சாத்திக்கொள்வதும் பள்ளியில் பெஞ்சை உடைப்பதுமாக இருந்த வயசுப் பிள்ளைகள். அங்கே படம் நன்றாயிருக்கிறது என்று சொல்லக் கூடாது. என்ன படம் என்றும் கேட்கக் கூடாது. முடிந்ததும், "வெச்சுக்கணும்னா வெச்சுக்கோங்க, கிழிக்கணும்னா கிழிங்க" என்பார். பரபரவென்று கிழியும் சத்தம் வரவேற்பறைவரை கேட்கும். அதனால் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் அவருக்கு வைத்த பெயர்தான் கிழிசல் சார்.

முதல் வாரமே பயந்துபோய்க் கதவைத் திறந்தேன். ஒரு பையன் அவருடைய வெள்ளைச் சட்டை முதுகில் பிசாசு வரைந்துகொண்டிருந்தான். "பேப்பர் பத்தல மேடம்" என்றார் சாவகாசமாக. அந்தப் பிசாசோடுதான் பஸ் ஏறி வீட்டுக்குப் போனார்.

கொள்ளேகால் பக்கத்திலிருந்து பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி வந்தாள். அம்மா இறந்து நாலு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அப்பா விவசாயி. "எத்தன நாளைக்குங்க பஸ்ஸேறி வாரது? அடுத்த வாரமும் வாய் தொறக்கலீன்னா படிப்ப நிறுத்திக் கூட்டிட்டுப் போயிர்றனுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

படிப்பு நின்றுவிடக் கூடாதே என்று அவள் கிழிக்காமல் மையத்துப் பீரோவில் வைத்திருந்த ஒரே படத்தை எடுத்தேன். அடுப்புமுன் நிற்கும் ஒரு பெண், முகம் வரையவில்லை. பிள்ளைக்குத் தெம்பு வரட்டும் என்று கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினேன். சாரிடம் கேட்கவில்லை. கேட்டால் விடமாட்டார்.

சனிக்கிழமை வந்தவள் அதைப் பார்த்தாள். பிடுங்கித் தரையில் ஓங்கி அடித்தாள். கண்ணாடி சிதறியது. படத்தை மட்டும் உருவி மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்பா கையை ஓங்க, சார் ஓடிவந்து குறுக்கே நின்றார். அறை அவர் கன்னத்தில் விழுந்தது.

"கொஞ்சம் நில்லுங்க ஸ்வாமி" என்றாரே தவிர, கன்னத்தைத் தடவக்கூட இல்லை.

அவள் என்னைப் பார்த்துக் கத்தினாள்: "இது எங்கம்மா! எல்லாரும் பாக்கற மாதிரி மாட்டச் சொல்லி உங்ககிட்ட யாரு சொன்னா?"

"தப்புதான் கண்ணு" என்றேன்.

"இன்னும் திட்டணும்னா திட்டும்மா. மேடம் எங்கயும் போகமாட்டாங்க" என்றார் சார்.

அப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "பேசிருச்சுங்க... புள்ள பேசிருச்சுங்க." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அடுத்த சனிக்கெழம எத்தன மணிக்கு வரோணுங்க?"

சார் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. அழுகையில் தோள் மட்டும் குலுங்கியது. அன்றிலிருந்து யாராவது அவரைக் கிறுக்கு என்று சொன்னால், எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடுகிறது.