தாய்மாமன் இடம் காலி

மலைச்சாமியின் பேர் பத்திரிகையில் வரவே கூடாது என்று முத்திருளன் முடிவுசெய்தபோது மகளின் காதுகுத்துக்குப் பதினாறு நாள் இருந்தது.

போன பொங்கலுக்கு நாற்பது பேர் நடுவில், "எங்க மாப்ள ஊரான் பேரையெல்லாம் அடிப்பாரு. அவரு பேருதான் ஒருத்தனுக்கும் தெரியாது" என்று சிரித்த மச்சான் அவர்.

ஆனால் மனைவி அன்னக்கொடியிடம் இதைச் சொல்ல முடியுமா? அவள் கூடப் பிறந்த அண்ணன். பழியைக் கம்ப்யூட்டர் மேல்தான் போட வேண்டும்.

கோரிப்பாளையத்தில் அவருடைய டி.டி.பி. கடையில், பத்திரிகை வேலைக்கென்று அவரே எழுதிய கட்டளைகள் எழுநூறு வரி. பெரியப்பா இடத்தில் பேர் இருந்தால் அச்சடிக்கும். காலி என்றால் வரியையே விட்டுவிடும். பேர்களைத் தட்டுகிறவள் அன்னக்கொடி என்பதால் அவளுக்கும் பெருமையாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். இப்போது ஒரு வரி சேர்த்தார்: தாய்மாமன் இடத்தில் மலைச்சாமி இருந்தால், அதைக் காலி என்று வைத்துக்கொள்.

தாள் வெளியே வந்தது. முகத்தில் சோகத்தை வரவழைத்துக்கொண்டார்.

"அடடா, மச்சான் பேரைக் காணோமே! மெஷின் கோளாறு போல."

"ஆமாங்க. உங்க பேரையும்தான் காணோம்."

பார்த்தார். குழந்தை பேர் இருந்தது. கோயில் பேர் இருந்தது. அப்பன் இடம் வெள்ளை.

"என்ன புள்ள பண்ணுன?"

"நீங்க சேத்த வரியப் பாத்துட்டு நானும் ஒரு வரி போட்டேன். மாமன் இடம் காலின்னா அப்பன் இடமும் காலி."

"பெத்தவன் பேரு இல்லாமப் பத்திரிகையா? ஊரு என்ன சொல்லும்?"

"மடியில வச்சுக் காது குத்துறவரு பேரு இல்லைன்னா மட்டும் மாலை போடுமாக்கும்?"

தன் வரியை அழித்துவிட்டு மறுபடி அச்சடித்தார். மலைச்சாமி வந்துவிட்டார், பெரிய எழுத்தில். அப்பன் இடம் இன்னும் வெள்ளை.

"இப்பத்தான் மாமன் வந்துட்டாருல்ல!"

"இன்னொரு நிபந்தனை இருக்கு. வெத்தலை பாக்கு வச்சு நீங்களே போய் அண்ணனைக் கூப்பிட்டு வாங்க. எடுத்துவிடுறேன்."

"எந்த வரில வச்சிருக்க?"

"எழுநூறுல ஒண்ணு. தேடுங்க."

இரண்டு நாள் தேடினார். கண் எரிந்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள், மடியில் தாம்பாளத்தோடு அழகர்கோவில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்.

மலைச்சாமி வாசலுக்கே வந்து தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார்.

"வாங்க மாப்ள! பத்திரிகைய முந்தாநாளே தங்கச்சி குடுத்துவிட்டுச்சே. உங்க பேரு எம்புட்டு அழகா வந்திருக்கு!"