மீன்களுக்கு அம்மை போட்ட விவரம்

இராஜபாளையம்

மதிப்பிற்குரிய சம்பந்தி சுந்தரபாண்டியன் அவர்களுக்கு, இசக்கிமுத்து வணங்கி எழுதுவது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தாங்களும், தங்கச்சியும், மாப்பிள்ளையும், வாயும் வயிறுமாக இருக்கும் என் மகள் யுவராணியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே என் மானம் தவிர எல்லாம் சுகம். போனில் தங்கள் குரலைக் கேட்டால் எனக்கு நாக்கு எழாது, அதனால்தான் கடிதம்.

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம், வாடை ஆகாது என்று தங்கமீன் தொட்டியை என்னை நம்பி விட்டுப் போனீர்கள். சம்பந்தி வீட்டுப் பொருளை வந்தது வந்தபடியே திருப்பி அனுப்பினால் மரியாதையில்லை என்று என் வீட்டுக்காரி சண்முகத்தாய் சொல்ல, நானும் சந்தையில் ஒரு சிவப்பு மீனை வாங்கிவந்து பையை அவிழ்த்து அப்படியே உள்ளே விட்டேன். கொஞ்ச நாளில் அதன் மேலெல்லாம் ரவை தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளி, அப்புறம் தங்கள் மீன்களுக்கும். கல்லில் உடம்பை உரசுகின்றன, இரை எடுக்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியுமாக அம்மை என்றே முடிவு கட்டிவிட்டோம். அம்மைக்கு யாராவது மருந்து கொடுப்பார்களா? தொட்டியில் வேப்பிலை போட்டு, வாசலில் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிப்பதையும் நிறுத்தினோம். அன்றைக்குப் பார்த்து வளைகாப்புக்கு நாள் குறிக்கப் பழத்தட்டோடு வந்து நின்றீர்கள். "யாருக்கு சம்மந்தி?" என்று கேட்டீர்கள். "அம்புட்டுப் பேருக்கும்" என்றேன். மீனுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. தங்கள் வீடு பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடு என்று தாங்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறியதும், வளைகாப்பு தள்ளிப்போனதும், யுவராணி போனில் அழுவதும் என்னால்தான்.

பிறகு ஒரு மீனைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கால்நடை டாக்டரம்மா கனகலட்சுமியிடம் போனேன். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கு உடம்பே கூசியது. "இது அம்மையில்லங்கய்யா, ஒட்டுண்ணி. மீன் மேல இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. உதிர்ந்து தண்ணில நீந்தும்போதுதான் சாகும். தொட்டி முழுக்க வைத்தியம் பாக்கணும். புது மீனைத் தனியா வச்சுப் பாக்காம சேக்கலாமா?" என்றார். அளந்து கல்லுப்பு, சொட்டு மருந்து, தண்ணீரைச் சூடாக்கும் கருவி, அடிக்கடி தண்ணீர் மாற்றுவது என்று புள்ளி மறைந்த பின்னும் விடாமல் பார்த்தேன். எல்லாம் பிழைத்துவிட்டன.

ஆகவே எங்கள் வீட்டில் எவருக்கும் அம்மை இல்லை, இருந்ததும் இல்லை. இந்த வெள்ளிக்கிழமையே வளைகாப்பை வையுங்கள். ஊரார் கேலியை நான் வாங்கிக்கொள்கிறேன், மகளை மட்டும் எங்களோடு அனுப்பிவையுங்கள்.

பெரியவர்களுக்கு நமஸ்காரம், மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள்.

தலைகுனிந்து,
இசக்கிமுத்து

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் காய்ச்சல் வந்து எனக்கு நெஞ்செல்லாம் கொப்புளம். மனிதருக்குப் பார்க்கிற டாக்டர், இது அம்மையேதான் என்கிறார். வளைகாப்பு தள்ளியே இருக்கட்டும். இந்தக் கடிதத்தை யுவராணி தொட வேண்டாம். தாங்களே சற்றுத் தள்ளி நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்துக் காட்டிவிடுங்கள்.